கருவாட்டு மூட்டையும் குண்டலா ஏரியும்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

இந்த வாய் எனக்கு வீட்டிலிருந்து வந்தது. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பா நகரசபையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் குமார் பள்ளுருத்தி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். நான் பஜாரில் ஒரு சுக்கு மிளகுக் கிடங்கில் எடை எழுதுகிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சண்டை, சமாதானம் என்று வெளியே எல்லாமே மலையாளத்தில்தான். வீட்டுத் தமிழுக்கு இரண்டே வேலை. ஒன்று சாமி கும்பிடுவது. இன்னொன்று, ஆளை எதிரில் வைத்துக்கொண்டே திட்டுவது.

துணிக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அம்மா என்னிடம், "இந்தச் சேலை ஒரு தண்ணிக்குத் தாங்காது. இவன் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கு" என்பார். கடைக்காரரும் சிரிப்பார். வேகமாகப் பேசினால் மலையாளிகளுக்குத் தமிழ் புரியாது என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. (நன்றாகப் புரியும். மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து.)

இருபத்தேழு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. தனியாக ஒரு மலைக்குப் போக வேண்டும். அங்கே ஓர் ஏரிக்கரையில் தனியாக உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒன்பது பேர். அதுவரை நான் தனியாக உட்கார்ந்த ஒரே இடம் குளியலறை. அதற்கும் வெளியே யாராவது கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"தனியாவா? நீ ஆலுவா தாண்டினதே கல்யாணத்துக்கு வேன்லதான்" என்றான் அண்ணன்.

"பஸ்ல போவேன். பஸ்லயே வருவேன். உனக்கென்ன?"

"சரி, பந்தயம். வழியில 'அண்ணா, காப்பாத்து'ன்னு ஒரு போன் வந்துச்சு, அடுத்த தடவை குடும்பத்தோடதான் போவோம். வேன் பிடிச்சு, ஒன்பது பேரும். போன் வரலைன்னா, நீ இனி எங்க வேணா தனியாப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அம்மா நடுவில் புகுந்து, ஒவ்வொரு பஸ் ஏறினதும் போன் பண்ணிச் சொல்லணும் என்று ஒரு சட்டம் போட்டார். ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையின் மொத்தத் தனிமையும் அந்தப் பந்தயத்தில் இருந்தது. வேனில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். (அண்ணிக்கு வளைவு வந்தால் வாந்தி வரும். மூணாறு வழியில் வளைவைத் தவிர வேறொன்றும் கிடையாது.)

ஒரு மாதம் திட்டம் போட்டேன். ஆலுவா பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று நேரம் சொன்னார்கள். எங்கள் கிடங்குக்கு ஏலக்காய் கொண்டுவரும் லாரிக்காரச் சேட்டனிடம் கேட்டேன். "மோளே, மலையில் பஸ் வரும்போள் வரும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எடை எழுதுகிறவளிடம் இப்படியா பேசுவது? கிராம் கணக்குக்கூடத் தப்பாதவள் நான். நோட்டில் கோடு போட்டு, எந்த பஸ், எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், அடுத்தது எது என்று கட்டம் கட்டமாக எழுதினேன். சாயா குடிக்க எட்டு நிமிஷம் என்றுகூடப் போட்டேன். முதல் நாள் மூணாறு போய், அங்கிருந்து மலைக்கு மேலே குண்டலா ஏரி. சாயங்காலம் மூணாறு திரும்பித் தங்கல். மறுநாள் மாட்டுப்பட்டி ஏரி பார்த்துவிட்டு வீடு. நோட்டை அண்ணன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.

மூணாறு வரைக்கும் நோட்டு சொன்னபடியே நடந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. பகல் பன்னிரண்டரைக்குக் குண்டலா பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஒரு பெரிய சாக்கோடு வந்து உட்கார்ந்தார். சாக்குக்குள் கருவாடு. இன்னொரு பஸ்ஸே நிறையும் அளவுக்கு வாசனை.

"சேச்சி, கொறச்சு நீங்ஙாமோ?" என்று கேட்டேன்.

"நீங்ஙாம் மோளே" என்று அவரும் மலையாளத்தில் சொல்லிவிட்டு அரை அங்குலம் நகர்ந்தார்.

அந்த மலையாளத்தை நம்பித்தான் நான் கெட்டேன். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பஸ் என்றால் மலையாளிகள், தமிழ் என்றால் ரகசியம். இருபத்தேழு வருஷப் பழக்கத்தை ஒரு பரீட்சையா மாற்றும்?

அம்மா சட்டப்படி வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன் எடுத்தான். சிக்னல் சரியில்லை. அதனால் கத்தினேன்.

"பஸ் ஏறிட்டேன்! ஆமா, கூட்டம்தான்! பக்கத்துல ஒரு பொம்பளை, கருவாட்டு மூட்டையோட! பாதி சீட்டு அதுக்கு, பாதி சீட்டு மூட்டைக்கு, எனக்கு ஜன்னல் கம்பி!"

"என்னது? கேக்கல!" என்றான் அண்ணன்.

மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னேன். அதோடு விட்டேனா? "மூஞ்சியைப் பார்க்கணுமே! ரேஷன் கடை மூடினப்புறம் வந்து நிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி! கண்டக்டர் அதுக்கு மேல! மீசை மட்டும் வளர்ந்திருக்கு, மூளைக்கு உரம் பத்தல!"

மட்டாஞ்சேரியில் பிறந்தவள் கருவாட்டு வாசனையைக் குறை சொன்னேன் என்பது தனி வெட்கம். அதை விடுங்கள். பஸ் முழுக்க அமைதியாக இருந்தது. எல்லாரும் மலையை ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். எத்தனை நாகரிகமான ஜனம் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன். பக்கத்துப் பெண்மணி எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாயோரம் மட்டும் ஒரு முறை அசைந்தது.

குண்டலாவில் இறங்கினேன். அவரும் இறங்கினார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏரிக்குப் போனேன்.

ஏரி நன்றாக இருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மரமெல்லாம் தலைகீழாக அதில் நின்றது. கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. பத்து நிமிஷம் ஆனதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தனியாக இருந்து பழக்கமில்லாதவள். போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. வேறு வழியில்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பழகிவிட்டது. மனசுக்குள் எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கிற குரல் ஒன்று எனக்கு உண்டு. அது நின்றது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு எழுந்தேன். கடைசி பஸ் ஐந்தரைக்கு என்று நோட்டில் இருந்தது. அதில் சாயாவுக்கான எட்டு நிமிஷமும் இருந்தது. ரோட்டோரம் ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

கல்லா மேஜைக்குப் பின்னால் அந்தப் பெண்மணி நின்றார். காலடியில் அந்தச் சாக்கு. பலகையில் மலையாளத்தில் 'ஊணு, உணக்கமீன்' என்று எழுதியிருந்தது, அதாவது சாப்பாடும் கருவாடும். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"சேச்சி, ஒரு சாயா. மூணாறினு லாஸ்ட் பஸ் அஞ்சரைக்கல்லே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திருநெல்வேலித் தமிழில் நிதானமாகச் சொன்னார்: "ரேஷன் கடை இன்னும் மூடல தாயி. உள்ள வந்து உக்காரு."

என் காது சூடாகி, கழுத்து சூடாகி, அந்தக் குளிரிலும் வேர்த்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நீளமான வாய் அன்றைக்கென்று சுருங்கிக் கிடந்தது.

"சேச்சி... அக்கா... நான் வந்து..."

"அது கெடக்கட்டும். அஞ்சரைன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நோட்டைக் காட்டினேன். அவர் என் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். "ஏட்டி, அஞ்சரை மூணாறு போய்ச் சேர்ற நேரம்லா? இங்க நாலே காலுக்கு வந்துரும். கடைசி பஸ்ஸு அதான்."

சேருகிற நேரத்தைப் புறப்படுகிற கட்டத்தில் எழுதியிருக்கிறேன். கிராம் கணக்குக்கூடத் தப்பாதவள்! கடிகாரத்தில் நாலு பதிமூன்று. சிக்னல் இருந்திருந்தால் அந்த நிமிஷமே 'அண்ணா, காப்பாத்து' என்று அலறியிருப்பேன். இல்லாததால்தான் மானம் பிழைத்தது.

"கைய காட்டினா நிக்குமா அக்கா?"

"எனக்கு நிக்கும். ஒனக்கு நிக்குமான்னு தெரியல. மத்தியானம் வந்த அதே பஸ்ஸு, அதே கண்டக்டரு" என்றபடி வெளியே வந்து ரோட்டின் நட்ட நடுவில் நின்றார். வளைவில் பஸ் வந்தது. ஹார்ன் அடித்தது. அவர் அசையவில்லை. நின்றது.

"என்ன பேச்சியம்மா அக்கா, ரோட்டை வெலைக்கு வாங்கிட்டியளா?" என்று கண்டக்டர் தலையை நீட்டினார். சுத்தமான தமிழ். பிறகு என்னைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். "அடடே, நீங்களா! ஏறுங்க, ஏறுங்க. இப்பதான் உரம் போட்டுட்டு வாறோம்."

பஸ் மொத்தமும் சிரித்தது. பாதிப் பேர் மத்தியானம் என்னோடு வந்தவர்கள். ஒரு பெரியவர் எழுந்து, "ஜன்னல் கம்பி பக்கத்துல உக்காருங்கம்மா, பழகின எடம்" என்று சீட்டு கொடுத்தார். பேச்சியம்மா அக்கா வெளியிலிருந்தே ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார். பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. வாசனையே சொன்னது.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வாசலிலேயே நின்றான். "போன் வரலை. ஜெயிச்சுட்ட" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரே வெற்றி அதுதான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி தனியாகக் கிளம்பினேன். பையில் மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்த நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ.

"மலைக்கு யாராவது கருவாடு கொண்டுபோவாங்களா? யாருக்குடி இது?" என்றார் அம்மா.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பந்தயத்தில் நான் தோற்றதாக இன்றுவரை வாதாடுகிறான். காப்பாற்றச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை, அவராகத்தான் நடுரோட்டில் நின்றார் என்று நானும் இன்றுவரை வாதாடுகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை குண்டலா போகிறேன். தனியாகத்தான். கருவாட்டைக் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் உட்காருவேன். பஸ் நேரம் இப்போது நோட்டில் இல்லை. நாலு பத்துக்குக் கடையிலிருந்து ஒரு கூப்பாடு வரும்.

ஆனால் வீட்டில் தமிழுக்கு இருந்த இரண்டு வேலையில் ஒன்று போய்விட்டது. போன வாரம் மீன் மார்க்கெட்டில் அம்மா ஒரு மீன்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவன் கண்ணும் இந்த அயிலைக் கண்ணும்..." என்று ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து அண்ணன் மகள், எட்டு வயது, சட்டென்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பம்மா, ரேஷன் கடை தொறந்திருக்கு!"