பொய்லர் பாஸும் இறங்கிப்போன பிரஷரும்

சப்ரகமுவ மாகாணம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், தெரியாத வேலையை அவ்வளவு மிடுக்காகச் செய்யும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். எங்கள் தோட்டத்தில் அவருக்கு ‘பொய்லர் பாஸ்’ என்று பெயர்; கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் ‘பாஸ்’ என்போம். ரப்பர் பெக்டரியில் கொஞ்ச காலம் அடுப்புக்கு விறகு தள்ளினார். படிப்பு, பயிற்சி, பட்டம் எல்லாம் அதுதான்.

யுத்த நிறுத்தம் வந்த காலம். நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்தை நடத்திய எங்கள் தொரையின் தாயாருக்கு, எங்கள் எல்லாருக்கும் ‘பெரியம்மா’வுக்கு, மூச்சிழுப்பு வியாதி. குளிர் ஆகாது என்று கொழும்பிலிருந்து ஒரு பொய்லரை வரவழைத்து, அறைக்கு அறை சுடுதண்ணீர்க் குழாய் ஓடவிட்டு, பங்களாவையே சூடாக்கினார் தொரை. அதைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? பாஸ்தான்.

ஒருநாள் பொய்லர் நின்றுவிட்டது. பிரஷர் காட்டும் முள் கீழே கிடந்தது. பாஸ் டாக்டரைப் போலப் பொய்லரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சமையல்கார அப்புவைக் கூப்பிட்டார்.

“அப்பு, ஒரு பக்கெட் உப்பு கொண்டாங்க.”

“எதுக்கு பாஸ்?”

“பிரஷர் கொறஞ்சிருச்சி. மனுசனுக்குக் கொறஞ்சா உப்புத் தண்ணி குடுக்கிறதில்லையா? எல்லாம் ஒரே சரக்குதான்.”

நல்லவேளை, அப்பு உப்பு டின்னோடு வீட்டுக்குள் ஓடிவிட்டார். பொய்லர் மூடியின் உட்பக்கத்தில் விளக்கம் ஒட்டியிருந்தது. நான் அதைப் படித்துச் சொன்னேன்: “பொய்லர் ஆறினதுக்குப் பொறகு கீழ இருக்கிற, தண்ணி ஏத்துற பைப்ப மெதுவாத் தொறக்கணும். முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவுல வந்ததும் மூடிறணும். அவ்வளவுதான் பாஸ்.”

“பேப்பர் படிச்சா பொய்லர் ஓடுமா, கிளாக்கரய்யா? நீங்க தள்ளுங்க.”

மலை உச்சி டேங்கியிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் அது. பாஸ் பைப்பை முழுவதும் திறந்துவிட்டு, பெக்டரியில் தாம் அடக்கிய பொய்லர்களின் வீரக்கதையை ஆரம்பித்தார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொரை வந்து குனிந்த அந்த நிமிடத்தில், பாதுகாப்பு வால்வு திறந்து, ஆறிய தண்ணீர் அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

“மொகத பாஸ் மே!” என்ன பாஸ் இது என்று சிங்களத்தில் அலறினார் தொரை.

“பிரஷர் வந்திருச்சுங்க தொரை!” என்றார் பாஸ், பெருமையாக.

அன்றே பொய்லர் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு.

பிறகு அடைமழை பிடித்தது. குழாயில் எங்கோ கசிவு. நான் தண்ணீர் ஏற்ற ஏற்ற முள் இறங்கியது. கடைசியில் பொய்லர் அடியோடு நின்றது. கொழும்பு மெக்கானிக்கின் வேன் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் பாதை இல்லை. தொரை அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அப்போது நனைந்துபோய் வந்து நின்றார் பாஸ். தலையில் ஒரு சாக்கு. அதற்குள் காலி சாராயப் போத்தல்கள்.

“நீ எதுக்கு வந்த?” என்று சீறினார் தொரை.

“நான் பொய்லருக்கு வரலீங்க தொரை. பெரியம்மாவுக்குத்தான் வந்தேன்.”

விறகடுப்பில் அப்பு கொதிக்கவைத்த தண்ணீரைப் போத்தல்களில் ஊற்றி, துணி சுற்றி, பெரியம்மாவின் காலடியிலும் முதுகுப் பக்கத்திலும் அடுக்கினார். ஊற்றும்போதே இரண்டு போத்தல் வெடித்தது. “பிரஷர் கூடிருச்சி” என்று அதற்கும் விளக்கம் சொன்னார். ஆறிய போத்தலை எடுப்பதும் சூடானதை வைப்பதுமாக, பாதை திறக்கும்வரை மனிதர் வீட்டுக்கே போகவில்லை. பெரியம்மாவின் திணறல் மெல்ல அடங்கியது.

மெக்கானிக் வந்தான். கசிந்த குழாய் இணைப்பை இறுக்கி, பைப்பை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் மூடினான். பொய்லர் உறுமியது. பின்னால் நின்ற பாஸ் என் காதில், “பாத்தீங்களா, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே செய்றான்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

பிறகு கேகாலைக்கு மாறி வந்து, வேலை தெரிந்த பாஸ்மார் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களில் ஒருவருடைய முகமும் எனக்கு ஞாபகமில்லை.