யாரையும் கேட்காமல் கண்டுபிடித்த ஹோட்டல்

இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் சாப்பிடுகிற இடத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று ஒருநாள் காலையில் மேசையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தேன். காபி என் சட்டையில் கொட்டியது. சத்தியம் மட்டும் நின்றது.

என் பெயர் ரூனே. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம். நடுக்காட்டில் கொண்டுபோய் விட்டாலும் வரைபடத்தைப் பார்த்து வெளியே வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனை ஒரு சாப்பாட்டுக் கடை கண்டுபிடிக்க என் மனைவி குனில்லா விட்டதே இல்லை. அவளுக்கு வரைபடம் வேண்டாம். வாய் போதும். புது ஊரில் இறங்கியதும் கண்ணில் படுகிற முதல் ஆளை மடக்கிக் கேட்பாள்: "போன ஞாயித்துக்கிழமை நீங்க எங்க சாப்பிட்டீங்க?"

சொல்லுங்கள், இது சுவீடனில் நடக்கிற காரியமா? நாங்கள் பஸ்ஸுக்கு நின்றால் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு மாடு தாராளமாகப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் படியிறங்கும் சத்தம் கேட்டால், அவர் போய்த் தொலைகிற வரை கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற ஜனங்கள். போன வருடம் மால்மோவில் பஸ்ஸில் ஒரு பெரியவரிடம் இவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மனிதர் மிரண்டுபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடமே இல்லை என்று பக்கத்தில் இருந்த அவர் மனைவி சொன்னாள். சொன்னதோடு, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாப்பிட்ட இடத்தையும் சொன்னாள். போனோம். சாப்பாடு பிரமாதம். அதுதான் எனக்கு எரிச்சல்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அதைக் கொண்டாட கோத்தன்பர்க்கில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு.

"இந்தத் தடவை சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்," என்றேன். "ஒருத்தரையும் கேக்காம."

"நீயா?"

"நான்தான். மூணு நாளைக்குள்ள ஒரு நல்ல சாப்பாடு. 'நல்லா இருக்கு'ன்னு உன் வாயாலயே சொல்லுவ."

"சொல்லலைன்னா?"

"நீ சொல்ற வேலையைச் செய்யறேன். சொல்லிட்டியானா, மிச்சமிருக்கிற ரெண்டு வார லீவுல நான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருவேன். தனியா."

"நீ யாரையாவது கேட்டுட்டா?"

"கேட்டா நான் தோத்த மாதிரி."

அவள் யோசிக்கக்கூட இல்லை. "எங்கண்ணன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்."

அவள் அண்ணன் இங்வார், கோத்தன்பர்க்கை ஒட்டிய ஒரு தீவில் மர வீடு வைத்திருக்கிறான். எட்டு வருடமாகச் சாயம் உரிந்துபோய் அந்த வீடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏணியில் ஏறினால் இங்வாருக்குத் தலை சுற்றும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் சுற்றாது. அந்த வீட்டுக்கு நான்கு சுவர். நான்கும் என் தலையில் விழுவதற்கு இருந்தன. நான் பயப்படவில்லை. என்னிடம் பட்டியல் இருந்தது. பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளை வெட்டி ஒட்டி, வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று எழுதிய பட்டியல்.

முதல் நாள். முதல் கடை. கதவில் ஒரு காகிதம்: 'விடுமுறை. ஆகஸ்டில் சந்திப்போம். இனிய கோடை!'

அறுநூறு மீட்டர் நடந்து இரண்டாவது கடை. அங்கும் இனிய கோடை. மூன்றாவது கடைக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே காகிதத்தில் சிரிக்கிற சூரியன் ஒன்றை வேறு வரைந்திருந்தான் படுபாவி.

"ஜூலையில நாம லீவு போடலாம், சமையக்காரன் போடக் கூடாதா?" என்றாள் குனில்லா. "கட்டுரை எப்ப வந்தது?"

"நவம்பர்ல."

"அப்ப நவம்பர்ல வந்திருக்கணும். சரி விடு, ஆகஸ்டு வரைக்கும் இங்கயே நிப்போம். மூணு வாரம்தானே? எனக்கு ஒண்ணும் அவ்வளவு பசி இல்லை."

கடைசியில் தெருமுனைத் தள்ளுவண்டியில், குடைக்குக் கீழே நின்றுகொண்டு, உருளைக்கிழங்கு மசியலும் சாசேஜும் சாப்பிட்டோம். கோத்தன்பர்க்காரர்களுக்குச் சிலேடை சொல்லாமல் பல் விளக்க வராது. வண்டிக்காரன் என் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?"

"இந்த வயித்தெரிச்சல்ல மூடே இல்லைப்பா."

"ஏன் இல்லை? ஊர்ல எல்லாக் கடையும் மூடுதானே!"

குனில்லா சாசேஜ் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். என் பங்கு மசியலில் மழைத்தண்ணீர் விழுந்து அது சூப் ஆகிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மதியம் எனக்குக் கவலையே இல்லை. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஓர் இடத்தில் கணினி வழியாக மேசை பிடித்து வைத்திருந்தேன். போனில் பேச வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அதற்காகவே அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்பது விதச் சாப்பாடு. ஒன்பதில் ஒன்றாவது நல்லா இருக்காதா?

ஒல்லியாக ஒரு பரிமாறுகிறவர் வந்து, எங்கள் முன்னால் ஆளுக்கு ஒரு கல்லை வைத்தார். நிஜக் கல். அதன் மேல் பச்சையாக ஏதோ இருந்தது.

"இது காட்டுப் பாசி," என்றார் பக்தியோடு. "நேத்து நானே காட்டுக்குப் போய்ப் பறிச்சது."

"சாப்பிடறது எது?"

"பாசியை மட்டும். கல்லைத் திருப்பிக் குடுத்துடணும்."

அவர் நகர்ந்ததும் குனில்லா கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "பசிக்குதுன்னு வந்தோம். 'பசி'க்கு ஒரு துணைக்காலைச் சேத்து 'பாசி'யாக் குடுத்துட்டாங்க."

"சத்தம் போடாத. பெரிய எடம்."

"எடம் பெருசுதான். தட்டுலயும் எடம்தான் பெருசா இருக்கு."

அப்புறம் ஒரு கேரட் வந்தது. ஒன்றுதான் வந்தது. அது வளர்ந்த தோட்டக்காரரின் வரலாறு எட்டு நிமிடம். அடுத்து ஒரு சொட்டு. அது என்ன சொட்டு என்று நான் புரிந்துகொள்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்பதாவதாக, கண்ணாடி மூடி போட்ட தட்டு. கரண்டியைப் பிடித்துத் தயாரானேன். அவர் மூடியைத் திறந்தார். வைக்கோல் வாசனையோடு புகை எழும்பிக் கூரைப் பக்கம் போனது. நான் தட்டைப் பார்த்தேன். தட்டும் என்னைப் பார்த்தது.

"அவ்வளவுதான்," என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"கல்லு நல்லா இருந்துச்சு."

"நல்லா இருக்குன்னு சொல்லிட்ட! அது போதும்!"

"சாப்பாட்டைச் சொல்லணும் ரூனே. கல்லைத்தான் திருப்பி வாங்கிட்டாங்களே."

போகிற வழியில் லவங்கப்பட்டை போட்ட பன் ஒன்று வாங்கி, பாதி தின்று, பாதியை எனக்கு நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஆண்மகன். அவள் அதையும் தின்றுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் விழித்தபோது என் வயிறு டிராம் வண்டி மாதிரி சத்தம் போட்டது. பட்டியலில் எல்லாப் பெயரையும் அடித்தாகிவிட்டது. பாதித் தூக்கத்தில் இங்வார் வீட்டு மேற்குச் சுவர் கண்முன் வந்தது. மேற்குச் சுவர்தான் ரொம்ப உயரம்.

குனில்லா நூல் கடைக்குப் போய்ப் பின்னல் ஊசி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, அவள் தெருமுனை திரும்பியதை உறுதி செய்துகொண்டேன். பிறகு, வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்யக் கீழே இறங்கினேன்.

தங்கும் விடுதியின் வரவேற்பில் யோர்டிஸ் என்ற அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் வானிலை அறிக்கையைப் படித்தேன். பிறகு தீயணைப்பு விதிகளைப் படித்தேன். படிக்க வேறொன்றும் இல்லாததால் அவளிடம் போனேன். இரண்டு காதும் கொதித்தன.

"வந்து... போன... ஞாயித்துக்கிழமை நீங்க..."

"எங்க சாப்பிட்டேன்னு கேக்கறீங்களா?" என்றாள் யோர்டிஸ்.

எவ்வளவு கெட்டிக்காரப் பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசித்தேனா? பசித்தவனுக்கு ஏது யோசனை.

"பதினோராம் நம்பர் டிராம். கடைசி ஸ்டாப். படகுத்துறையை ஒட்டி ஒரு நீலக் கதவு. வறுத்த ஹெர்ரிங் மீன் கேளுங்க," என்றாள். "உங்க வீட்டம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு டிராமில் ஏறினோம்.

"எங்க போறோம்?" என்றாள் குனில்லா.

"தெரியாது. மூக்கு போற வழி."

"உன் மூக்கு பதினோராம் நம்பருக்குச் சரியா டிக்கெட் எடுத்துச்சே?"

"முப்பத்து நாலு வருஷம் நிலத்தை அளந்த மூக்கு."

கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். இங்வாரின் தீவுக்குப் படகு போகிற துறை அதுதான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். எதிரியின் கோட்டை வாசலிலேயே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற சுகம் வேறு எங்கே வரும்? நான் காற்றை இரண்டு தடவை முகர்ந்தேன். கண்ணை மூடி இடப்பக்கம் திரும்பினேன். நீலக் கதவு.

மீன் வந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். பக்கத்தில் மலை போல உருளைக்கிழங்கு மசியல், அதன் நடுவில் உருகிய வெண்ணெய்க் குளம், ஓரத்தில் சிவப்புப் பழ ஜாம். கல் இல்லை. வரலாறு இல்லை. குனில்லா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். நான் மூச்சு விடவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். "ஏரி! ரெண்டு வாரம்! தனியா!" அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு கடல்காகம் உள்ளே இறங்கி என் தட்டிலிருந்து பெரிய மீனாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனது. போகட்டும். ஜெயித்தவன் தானம் செய்ய வேண்டும்.

அப்போது கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நீங்கதானா அது? யோர்டிஸ் என் தங்கச்சி. காலையில போன் பண்ணினா. 'ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போயிருக்கார், ரெண்டு காதும் தக்காளி மாதிரி இருக்கும், அடையாளம் வச்சுக்கோ'ன்னா."

குனில்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "கேட்டியா?"

"கேக்கலை. விசாரிச்சேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கேட்டா பதில் வரும். விசாரிச்சா தகவல்தான் வரும்."

"தகவல் நல்லா மொறுமொறுன்னு இருக்கு," என்று என் தட்டில் மிஞ்சியிருந்த மீனையும் எடுத்துக்கொண்டாள். "வந்த அன்னிக்கே யோர்டிஸ்கிட்ட சொல்லிட்டேன். மூணாம் நாள் காலையில என் வீட்டுக்காரர் வருவார், இந்தக் கடையைச் சொல்லுங்கன்னு."

"மூணாம் நாள்தான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாள் உனக்கு ரோஷம். ரெண்டாம் நாள் கோவம். மூணாம் நாள் பசி. முப்பத்தொரு வருஷமா இதே வரிசைதான்."

இருந்தாலும் எனக்கு ஓர் ஓட்டை கிடைத்தது. "ஆனா நீ 'நல்லா இருக்கு'ன்னு சொன்னியே? சாப்பாட்டைத்தானே சொன்ன?"

"இல்லை. நீ வாயைத் திறந்து ஒரு மனுஷிகிட்ட கேட்டியே, அதைச் சொன்னேன்." என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "கஷ்டப்பட்டிருப்ப. பாவம்."

கோபம் வந்தது. ஆனால் அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. வயிற்றிலும் வழித்துச் சாப்பிட்ட மசியல் இருந்தது. பேரம் பேசினால் நான்கு சுவரை இரண்டாகக் குறைக்கலாம், அதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம் என்று மெல்லப் பேச்சை ஆரம்பித்தேன். "பந்தயம் ஏதோ வேடிக்கைக்குக் கட்டினதுதானே குனில்லா. உங்கண்ணனுக்கே நாம வர்றது தெரியாது..."

ஜன்னலுக்கு வெளியே படகுத்துறையில் யாரோ தொப்பியை ஆட்டினார்கள். இங்வார் தன் மோட்டார் படகைக் கட்டிவிட்டு, மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"என்ன மாப்ளே, இன்னும் சாப்பிட்டு முடிக்கலியா? வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குத் துறையில இருப்பீங்க, படகைக் கொண்டா, பெயிண்டும் வாங்கி வையின்னு குனில்லா மே மாசமே சொல்லிட்டாளே!"

நாங்கள் பந்தயம் கட்டியது ஜூன் கடைசியில்.