அப்பாவின் அசல் பிறப்புப் பதிவு

என் மனைவி தன் வம்சத்தின் ஏழு தலைமுறைப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். எனக்கு அப்பாவோடு சரி. அவர் தத்துப்பிள்ளை. பெற்றவள் யாரென்று என்னிடம் வாய் திறக்காமலே போன வருஷம் போய்ச் சேர்ந்தார். தத்துக் கொடுத்ததும் அசல் பிறப்புப் பதிவை உறையில் போட்டு சீல் வைத்துவிடுவார்களாம். அதை வாங்கியே தீருவதென்று சபதம் செய்தேன். உள்ளே எப்படியும் ஒரு நீதிபதியாவது இருப்பார். என் மூக்கே சாட்சி.

"எதுக்குங்க இப்போ?" என்றாள் மனைவி.

"இது எங்க பரம்பரை விஷயம். உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"சரிங்க."

அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் முதல் நாள் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டாம் நாள், நான்தான் மகன் என்பதற்கு ஆதாரம். மூன்றாம் நாள், நான் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம். எதிரே நின்று தும்மிக் காட்டியும் நம்பவில்லை. நாலாம் நாள் குமாஸ்தா மனமிரங்கி ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"இதை அப்பவே வாங்கிட்டாங்களே சார்."

"யாரு?"

"உங்கப்பாதான். மூணு வருஷம் ஆச்சு. சாட்சிக் கையெழுத்து, மருமகள்னு போட்டிருக்கு."

மளிகைச் சீட்டில் நான் தினமும் பார்க்கும் அதே கையெழுத்து. வீட்டுக்குப் பறந்தேன்.

"நாலு நாளா நாயா அலையவிட்டியே, நியாயமா?"

"சம்பந்தமில்லைன்னீங்க. சம்பந்தமில்லாத விஷயத்துல நான் ஏன் வாயத் திறக்கணும்?"

"அப்பா ஏன் என்னைக் கூப்பிடல?"

"முட்டிவலியோட உங்களத்தான் முதல்ல கூப்பிட்டாரு. 'வேற வேலை இல்லையாப்பா'ன்னீங்க."

சொன்னது ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"'அவன் என்னைப் பெத்தவ யாருன்னு கேக்கமாட்டான், என்ன அந்தஸ்துன்னுதான் கேப்பான். பெருமை அடங்கினதும் குடு'ன்னாரு மாமா."

"அடங்கிடுச்சு. குடும்மா."

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. தாய்க்கு ஒரு பெயர், வயது பத்தொன்பது. தொழில்: விடுதியில் பாத்திரம் துலக்குதல். அந்தப் பெயரை மறுபடி மறுபடி படித்தேன். பாவம், சின்னப் பெண். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி என் தோளைத் தொட்டாள். கனிவாகத்தான் தொட்டாள்.

"பரம்பரைத் தொழில விட்டுடக் கூடாதுங்க. சிங்க் நிறைஞ்சு கிடக்கு."