முகம் பார்த்து ஒரு வேலை

"அசையாதடா, கண்ணுக்குள்ள போயிடும்" என்று அதட்டியபடி டோனா லிண்டால்வா மகனின் கன்னத்தில் பப்பாளிக் கூழை அப்பினாள்.

ஜெனிவால் அசையவில்லை. அழலாமா என்று மட்டும் யோசித்தான். வியாழக்கிழமை ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அவன் முகத்தை உற்றுப் பார்த்து, "ஆமாம், இவன் பழுப்பு நிறத்தவன்தான்" என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் காம்பினா கிராண்டி நகராட்சியின் குடிநீர் அலுவலகத்தில், கறுப்பருக்கும் பழுப்பருக்கும் ஒதுக்கிய இடத்தில், நிரந்தர வேலை. இல்லையென்றால் ஆயுள் முழுக்க ஜெராக்ஸ் கடை. பொதுப் பட்டியலில் அவன் பெயர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

அவன் பழுப்பு என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. அம்மாவுக்கு மட்டும்தான். கூடத்தில் கொள்ளுத்தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு வண்ணம் தீட்டியவரிடம் கொஞ்சம் நீலம் மிஞ்சிப்போக, வீணாக்குவானேன் என்று கண்ணில் வைத்துவிட்டார். அன்று முதல் அந்தக் குடும்பம் போர்ச்சுகலில் இருந்து வந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஆகிவிட்டது.

"நிறத்தச் சொல்லி வேல கேக்கறதெல்லாம் படிக்காதவங்க பண்ற காரியம்" என்பாள் லிண்டால்வா, தொலைக்காட்சியில் ஒதுக்கீட்டு விவாதம் வரும்போதெல்லாம். இப்படிப்பட்ட வீட்டில் ஜெனிவால் எப்படி உண்மையைச் சொல்வான்? "வெள்ளிக்கெழம நேர்முகம்மா. வீடியோ எடுப்பாங்க" என்று ஒரு நாள் தள்ளிச் சொல்லி வைத்தான்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"வீடியோவா? அப்ப மூஞ்சி பளிச்சுனு இருக்க வேணாமா?" என்று எழுந்தவள்தான். காலையில் தயிர், மாலையில் பப்பாளி. வெயிலில் தலைகாட்டக் கூடாது. ரொட்டிக் கடைக்குப் போனால்கூடக் குடை. தெருவே சிரித்தது.

வெயிலுக்கு வழி தேடி, "டாக்டர் என்னைய வெயில்ல நிக்கச் சொல்லியிருக்காரும்மா, எலும்புக்கு" என்று ஒரு பொய் விட்டான். அடுத்த வேளை சாப்பாட்டில் சோளப்புட்டுக்குப் பக்கத்தில் மீன் எண்ணெய் வந்து உட்கார்ந்தது.

"வெயில்ல இருக்கற சத்தெல்லாம் இதுலயே இருக்காம். கண்ண மூடிட்டு முழுங்கு."

முழுங்கினான். அம்மா சாயங்காலப் பிரார்த்தனைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தால் வெயில் போய்விடும். ஆகவே மறுநாள் உச்சிப்பொழுதில், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய் மல்லாந்து படுத்தான். படுத்தவன் தூங்கிப்போனான். எழுந்தபோது முகம் பழுப்பாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை, கொதித்துச் சிவந்திருந்தது. லிண்டால்வா தலையில் அடித்துக்கொண்டு, எரிச்சலுக்கு ஒரு வெள்ளைக் களிம்பை வாங்கி வந்து காது மடல்வரை பூசிவிட்டாள். கண்ணாடியில் ஒரு ஐரோப்பியன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அன்று இரவுச் செய்தியில் யாரோ ஒருவர், "தாத்தா பாட்டி படத்தைக் கொண்டுபோனால் போதும், ஒதுக்கீடு கிடைத்துவிடும்" என்று பொரிந்துகொண்டிருந்தார்.

"தப்பாச் சொல்றான்" என்றாள் லிண்டால்வா பாத்திரம் துலக்கிக்கொண்டே. "தாத்தாவும் வேணாம், பாட்டியும் வேணாம். ஆள நேர்ல பாப்பாங்க, அவ்வளவுதான். விதி அப்படித்தான் இருக்கு."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எதிரிய எதுக்கறதுக்கு முன்னாடி அவன் சட்டத்தப் படிக்கணும்டா."

ஜெனிவால் மெல்ல எழுந்து தன் அறைக்கு நழுவினான். இவ்வளவு தெரிந்தவளுக்குத் தன் சங்கதி தெரிய எத்தனை நேரம் ஆகும்?

சங்கதி தெரியுமுன்னே தலைமுடிக்கு ஆபத்து வந்தது. புதன்கிழமை அம்மா ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். முடியை நேராக்கும் பசை.

"உக்காரு. இந்தச் சுருட்டைய வச்சுக்கிட்டா கேமரா முன்னாடி போய் நிப்ப?"

"இது உன்னோடதாச்சே. மாசம் தவறாமத் தீத்துடுவியே, இன்னும் பாதி இருக்கு?"

"வேண்டுதல். புனித லூசியாவுக்கு. முடில ஒண்ணும் தடவறதில்லன்னு." அவள் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியை இறுக்கிக்கொண்டாள். ஐந்தாறு மாதமாக அந்தத் துணி தலையைவிட்டு இறங்கவில்லை. "பேச்ச மாத்தாத. உக்காரு."

"நான் ஜோசிமார்கிட்டப் போய்ப் பண்ணிக்கறேன்மா, அவன் நல்லாப் பண்ணுவான்" என்று தப்பி ஓடினான்.

ஜோசிமார் பள்ளித் தோழன், தெருமுனையில் முடிதிருத்தும் கடை. முழுக்கதையையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன் மச்சான், சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போனா காவலாளி உன் பின்னாடியே வர்றானா?"

"சோப்புத் தட்டுலேர்ந்து பில் போடற எடம் வரைக்கும் வர்றான்."

"அப்புறம் என்னடா பயம்? அந்தாளுக்கு ஒரு நாளாவது உன் நெறத்துல சந்தேகம் வந்துச்சா? அவனையே குழுவுல உக்கார வைக்கலாம்."

"சிரிக்காதடா. மூணு வருஷம் எழுதி இப்பத்தான் தேறியிருக்கேன். நேராக்காம வீட்டுக்குப் போனா அம்மாவே பசையத் தடவிருவா. நேராக்கிட்டுப் போனா நாளைக்கு குழு தொரத்திரும்."

ஜோசிமார் யோசித்தான். அவன் யோசிப்பது அபூர்வம், யோசித்தால் ஆபத்து. "முடி இருந்தாத்தானே நேராக்குவா?" என்று இயந்திரத்தை எடுத்தான்.

பாதித் தலை வழித்த பிறகுதான் ஜெனிவாலுக்கு உறைத்தது. அவன் பழுப்பன் என்பதற்குப் பாதி சாட்சி தரையில் சுருண்டு சுருண்டு கிடந்தது.

வீட்டில் லிண்டால்வா மொட்டையைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தாள். பிறகு, "பரவால்ல, சுத்தமா இருக்கு" என்றாள். கூடவே, "நேர்முகம் வெள்ளிக்கெழமதானே? நிச்சயமா?" என்றாள். அவள் அதைக் கேட்பது அன்றைக்கு எத்தனையாவது தடவையோ.

"வெள்ளிதான்மா. ஏன், கூட வரப்போறியா?"

"நா எதுக்கு? நாளைக்கு எனக்குப் பல் டாக்டர்ட்ட போகணும். சாயங்காலந்தான் வருவேன்."

ஜெனிவாலுக்கு உயிர் வந்தது. அம்மாவின் பல்லுக்கு மனதார நன்றி சொன்னான்.

வியாழக்கிழமை காலை. நகராட்சிக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில், குழு இருந்த அறைக்கு வெளியே நாற்காலி வரிசை. மொட்டைத் தலையும், அங்கங்கே உரிந்த மூக்கும், ஒட்டிய களிம்புமாக அவன் உட்கார்ந்து, கேமரா முன் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பழுப்பு நிறத்தவன் என்று அறிவிக்கிறேன்." வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லாத வாக்கியம். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பிடித்துப்போனது.

அப்போது தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மஞ்சள் துணி தெரிந்தது.

அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, கையில் பை. பைக்குள் கொள்ளுத்தாத்தாதான் இருப்பார் என்று அவனுக்குப் பட்டது. நீலக் கண்ணோடு குழுவின் மேசையில் அவரை நிறுத்தி, "நாங்க போர்ச்சுகல்காரங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருடப் படிப்பும் அம்போ.

தூணுக்குப் பின்னால் பாய்ந்து, அங்கே நின்றிருந்த வயதான வாயில்காவலரின் கையைப் பிடித்தான்.

"ஐயா, கோடி புண்ணியமாப் போகும். அந்த மஞ்சத் துணி கட்டின அம்மாவ மட்டும் உள்ள விட்ராதீங்க. என்னப் பெத்தவங்கதான். நான் வெள்ளக்காரன்னு சொல்லி என் வேலையக் கெடுக்க வந்திருக்காங்க."

காவலர் அந்தப் பக்கம் பார்த்தார். அவன் மொட்டையைப் பார்த்தார். மறுபடி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அவங்க உன்னத் தேடி வரல தம்பி, பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு இதே குழுவப் பாக்க வந்திருக்காங்க, 'எம்மவன் இந்தப் பக்கம் வந்தா உள்ள விட்ராதீங்க, அச்சு அசல் என் நெறம், என் சுருட்ட முடி'ன்னு காலையிலயே சொல்லிட்டுப் போனாங்க, நானும் அந்தச் சுருட்ட முடியத்தான் இவ்வளவு நேரமாத் தேடிட்டு நிக்கறேன்."