மாமாவின் லேப்டாப்புக்கு நான் பேஸ்ட் போட்ட கதை

மூடியிருப்பதைத் திறந்து பார்க்கும் ஆசை சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடும். எனக்கும் அப்படித்தான். மும்பை கோவண்டியில் என் பிறந்த வீட்டில் சுவர்க்கடிகாரம், மிக்ஸி, உம்மாவின் காது கேட்கும் கருவி என்று நான் திறந்து பார்க்காத பொருள் கிடையாது. (திரும்ப மூடியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.)

கல்யாணமாகித் தாராவிக்கு வந்தேன். கீழே மாமாவின் தோல் பை பட்டறை, மேலே வீடு. மருமகள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்று மாமா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெருமையைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாய்ப்பு தேவைப்பட்டது. வாய்ப்பு, மாமாவின் லேப்டாப் உருவத்தில் வந்தது.

அது பட்டறை மேஜையில், ஒரு பஞ்சுத் திண்டின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு மாமா டீ குடிக்கப் போவார். அவர் திரும்பி வரும்போதும் அது பாதிதான் விழித்திருக்கும். தையல் மெஷின்களை விட அதிகமாக இரையும். சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் மாமி அதன் மேல் ஈரக் கைக்குட்டை காயப்போடுவார்.

அன்றைக்கு மத்தியானம் குவைத்திலிருந்து ஒரு வியாபாரி வீடியோவில் சாம்பிள் பைகளைப் பார்ப்பதாக இருந்தது. பட்டறையில் வேலை குறைந்து பாதி மெஷின்கள் துணி மூடிக் கிடந்த நேரம். அந்த ஆர்டர் வராவிட்டால் ஆட்களை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று மாமா கவலையில் இருந்தார்.

"நடுவுல இது மயங்கி விழுந்துட்டுன்னா எல்லாம் போச்சு" என்றார்.

"நான் பாக்கேன் மாமா" என்றேன்.

மாமி என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏ புள்ள, உனக்கு இது தெரியுமா?"

"பிசிக்ஸ் படிச்ச புள்ளைலா, பாக்கட்டும்" என்றார் மாமா.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் காற்று வெளியே வரும் துவாரத்துக்கு நேராக ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தேன். காகிதம் அசையவே இல்லை. இத்தனை இரைச்சல் போடும் விசிறியின் காற்று எங்கே போகிறது? திண்டை எடுத்தேன், கீழே இருந்த துவாரங்களையெல்லாம் அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூடவே எழுந்து ஓடும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். வேகம் கொஞ்சம் கூடியது. சூடு மட்டும் குறையவில்லை. அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தேன்.

விசிறி கண்ணிலேயே படவில்லை. அங்கே ஒரு கம்பளி இருந்தது. தோல் தூசியும் நூல் பிசிறும் சேர்ந்து அடுக்கடுக்காக இறுகி, ஒரு சின்ன மணிபர்ஸ் தைக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. புருவப் பிடுங்கியால் மெல்ல இழுத்தேன். முழுசாக வந்தது. மேலே கறுப்பு, நடுவே ரோஸ், அடியில் பழுப்பு.

"அட, இந்த ரோஸ் அந்தப் பள்ளிக்கூடப் பை ஆர்டர்லா!" என்று மாமா குனிந்தார். பட்டறை முழுவதும் வந்து பார்த்தது. எந்தப் பருவத்தில் எந்தப் பை தைத்தார்கள் என்று அந்தத் தூசியை வைத்தே பேசிக்கொண்டார்கள். நான் ஏதோ புதையலைத் தோண்டி எடுத்தவள் போல நின்றேன்.

அத்தோடு மூடியிருக்க வேண்டும். ஆனால் விசிறிக்குப் பக்கத்தில் ஒரு செம்புக்குழாய் பளபளத்தது. அதற்கு அடியில் என்ன இருக்கும்? திருகைக் கழற்றித் தூக்கினேன். கீழே காய்ந்துபோன சாம்பல் நிறப் பசை. அழுக்கு என்று நினைத்து நெயில்பாலிஷ் ரிமூவரால் சுத்தமாகத் துடைத்தேன். பிறகுதான் போனில் தேடினேன். சிப்பின் சூட்டைக் குழாய்க்குக் கடத்துவதே அந்தப் பசைதானாம். (பிசிக்ஸ் பட்டதாரி!)

வெள்ளிக்கிழமை மத்தியானம். மாமாவும் தெரிந்த கடைக்காரர்களும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஒரு வீடியோவில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: "அர்ஜென்ட் ஹை தோ டூத்பேஸ்ட் பீ சலேகா!" அவசரத்துக்கு டூத்பேஸ்ட்டே போதுமாம்.

பாத்ரூமுக்கு ஓடினேன். கிராம்பு வாசனை அடிக்கும் மாமாவின் சிவப்புப் பேஸ்ட் கிடைத்தது. பட்டாணி அளவு போதும் என்றார் வீடியோக்காரர். நான் முழுப் பல்வரிசைக்கும் போடுகிற அளவு போட்டேன்.

என்ன ஆச்சரியம்! லேப்டாப் சட்டென்று விழித்தது. இரைச்சல் இல்லை. காகிதம் படபடத்தது. மாமி தன் கையாலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

குவைத்காரருக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம், நல்ல மனுஷர். மாமா ஒவ்வொரு பையாகத் தூக்கிக் காட்டினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அறைக்குள் மெல்ல அந்தக் கிராம்பு வாசனை பரவியது. மாமா மூக்கை உறிஞ்சினார். பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உறிஞ்சினார்.

"என்ன பாய், சுத்திச் சுத்தி மோந்து பாக்கீங்க?" குவைத்காரரின் முகம் மாறியது. "தோல் நாறுதா?"

தோல் நாறுகிறது என்று ஒரு வியாபாரி சந்தேகப்பட்டுவிட்டால் அந்த ஆர்டர் அவ்வளவுதான். மாமா பதறிப்போனார்.

"ஐயோ, தோல் இல்ல பாய்! மருமவ லேப்டாப்புக்குப் பல் தேய்ச்சு விட்டிருக்கா!"

அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்தது.

என் கணவர் சாதிக் போனை எடுத்துக் குவைத்தை அழைத்தார். நான் வாசல்படியில் நின்று, இனி கோவண்டிக்கு எந்த பஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் வெறும் சிரிப்பு. சிரித்து ஓய்ந்து, "அந்தப் புள்ளட்ட போனைக் குடுங்க" என்றார். முழுக் கதையையும் என்னைச் சொல்லவைத்துக் கேட்டார். கடைசியில், "வாய் கொப்புளிக்க வச்சியாம்மா?" என்றார்.

மாமா எதிர்பார்த்ததில் பாதி ஆர்டரை அன்றைக்கே கொடுத்தார். மீதியை, சாம்பிளைக் கூரியரில் வாங்கி, நிஜமாகவே மோந்து பார்த்த பிறகு கொடுத்தார். மறுநாள் நான் சரியான பசையை வாங்கி, காய்ந்து வெடித்திருந்த பேஸ்ட்டைச் சுரண்டியெடுத்துப் பூசினேன். லேப்டாப் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து தூசி தட்டும் வேலை என் பொறுப்பு.

வீட்டில் இன்றைக்கும் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும், சாதிக் காலையில் எழுந்திருக்காவிட்டாலும் மருந்து ஒன்றுதான்: "பல் தேய்ச்சு விடு."

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் உறைந்து நின்றதாம். "எங்க வீட்ல இதுக்கு ப்ரஷ் பண்ணி விடுவாங்க" என்று இவள் எழுந்து சொல்லியிருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஆப் லோக் கம்ப்யூட்டர் கோ ப்ரஷ் கராத்தே ஹோ?" கம்ப்யூட்டருக்குப் பல் தேய்த்து விடுவீர்களா என்கிறார்.

நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா தாடியைத் தடவிக்கொண்டு, படு கம்பீரமாகச் சொன்னார்:

"ஹாங் மேடம். மேரீ பஹூ பிசிக்ஸ் படீ ஹை." (பிசிக்ஸ் படித்த மருமகளாம் நான்!)