எலியின் தகப்பனார் பெயர்

எங்கள் ஊர் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஊருக்கென்று ஒரு வரலாறு உண்டு என்பது மேலிடத்துக்குத் தெரியவந்ததும், அதை வைக்க ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். நான் அதன் காவலாளி. வரலாறு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இயக்குநர் துர்திபாயெவ் வீடு வீடாகப் போய்ப் பொருள் சேகரித்தார். ஊரில் பாதித் தொட்டில்கள் கண்ணாடிக்குள் போய்விட்டன. குழந்தைகள் தரையில் தூங்கின.

எங்கள் பக்கம் வெளியூர் புறப்படுகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சம் சுவரில் தொங்கும். அவனே திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும்; அதுவரை அவன் வந்ததாக ஆகாது. ஓய்னிசா அக்காவின் மகன் இல்ஹோம் அப்படிக் கடித்துவிட்டுத்தான் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். அந்த ரொட்டியையும் இயக்குநர் கேட்டு வாங்கி, பெட்டிக்குள் வைத்து, அட்டை எழுதினார்: "பொருள் 214. கடித்த ரொட்டி. கடித்தவர்: மக்கள்."

நாலு வருடம் கழித்து இல்ஹோம் வந்தான். அக்கா அவனை வீட்டுக்குள்கூட விடாமல் நேரே இங்கே இழுத்து வந்தாள்.

"ரொட்டியக் குடுங்க சார், பையன் வந்துட்டான்."

"அது இப்ப அரசாங்கச் சொத்தும்மா. தின்னா சேதம்."

"இவன் கடிச்சதுதானே?"

"கடிச்சவர் மக்கள்னு போட்டிருக்கே. இவர் தனி ஆள்."

"அப்ப தெருவையே கூட்டிட்டு வரேன்."

"மக்கள் தாராளமா வரலாம். தொடக்கூடாது."

அக்கா அழுதுவிட்டாள். "இதத் தின்னாம விட்டா இவன் மறுபடியும் போயிருவான் சார். இன்னொரு நாலு வருஷம் என்னால முடியாது."

துர்திபாயெவ் கெட்டவர் இல்லை. விதி தெரிந்தவர், அவ்வளவுதான். புத்தகத்தைப் புரட்டினார். காட்சிப்பொருளைப் பட்டியலிலிருந்து நீக்க மூன்றே காரணங்கள்: தீ, வெள்ளம், எலி.

"எலின்னே எழுதிக்குங்க," என்றான் இல்ஹோம். "ரஷ்யாவுல இதவிட மோசமாவே கூப்பிட்டாங்க."

படிவம் வந்தது. எலியின் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி. மூவர் குழு முன்னிலையில் எலி தின்றது. ரொட்டி செங்கல்லாக இறுகியிருந்ததால், "எலி பச்சைத் தேநீர் கோரியது, வழங்கப்பட்டது" என்று அறிக்கையில் பதிவாயிற்று. கடைசித் துணுக்கு உள்ளே போனதும் அக்கா எலியைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள்.

அறிக்கை மேலிடத்தில் பாராட்டுப் பெற்றது. துர்திபாயெவைத் தலைநகருக்கு மாற்றினார்கள். ஊரே சேர்ந்து புலாவ் சமைத்துக் கொண்டாடியது. அந்தப் பிரிவு விருந்தில் மனிதர் நெகிழ்ந்துபோய், ஒரு ரொட்டியை எடுத்து ஒரு வாய் கடித்து, காலியாய்க் கிடந்த 214-ஆம் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

கடித்த ரொட்டியை வேறு யாராவது தின்று தீர்த்தால் கடித்தவன் வருகை ரத்து என்று மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லோருமாகப் புது இயக்குநர் அம்மாவிடம் ஓடினோம்.

"எலிப் படிவம் குடுங்கம்மா."

"எத்தனை எலி?"

"ஊர் பூரா."

"வருஷத்துக்கு ஒரு எலிக்குத்தான் அனுமதி. இந்த வருஷத்து எலி முடிஞ்சிருச்சு. எழுதி வச்சுட்டுப் போங்க, ஜனவரியில பாக்கலாம்."

நாற்பத்தொரு பேர் எழுதி வைத்துவிட்டு வந்தோம்.

டிசம்பரில் துர்திபாயெவ் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார். மேசைமேல் இருந்த படிவக் கட்டைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எலிகளின் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். முதல் படிவம் என்னுடையது.