நூற்று நான்கு பேர்

இந்த மாதத்துக்குள் நூறு பேர் வேண்டும். கையில் இருந்ததோ அறுபத்து மூன்று.

மேலாளர் இதைச் சொல்லிவிட்டு, தலைமை அலுவலகத்துக் கடிதத்தை ஒற்றை விரலால் மேஜைமேல் தள்ளினார். தினமும் நூறு பேராவது வந்து ஆடாத பழைய வீடியோ கேம்களை இனிமேல் கட்டிக்கொண்டு அழ முடியாது என்பதை மிக நாகரிகமாக எழுதியிருந்தார்கள். பட்டியலில் முதலாவதாக இருந்தது 'ஊர் கட்டு'. பதினைந்து வருஷத்துப் பழசு.

"மூடப்போறோம்னு ஆடறவங்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைங்க. மரியாதையா இருக்கட்டும்," என்றார் மேலாளர், ஜன்னலைப் பார்த்தபடி.

எழுத வேண்டியவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த கேம் கம்பெனிக்கு வரும் புகார்களுக்கெல்லாம் பதில் போடுவதுதான் அவர் வேலை. யார் தப்பு, என்ன தப்பு என்று பார்க்காமல் 'மன்னிக்கவும்' என்றே ஆரம்பிப்பார். அதனால் ஆபீஸ் முழுக்க அவருக்கு மன்னிக்கவும் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்தக் கடிதத்தை மட்டும் எழுதக் கை வரவில்லை. காரணம், அவருடைய அம்மா.

'ஊர் கட்டு' அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் கேம். வீடு, மரம், வண்டி என்று எதை வேண்டுமானாலும் ஆடுகிறவர்களே செய்து உள்ளே வைக்கலாம். அம்மா ஒரு பஸ் செய்து வைத்திருந்தாள். பச்சை நிறம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, ஜலதோஷம் பிடித்தவன் இருமுவது மாதிரி ஒரு ஹாரன். ஓட்டுவது அம்மா. ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஒற்றை இருக்கை ஒன்று உண்டு. அது வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகளுக்கு, மன்னிக்கவும் சாரின் தங்கைக்கு.

போனில் பேசினால் இருவருக்கும் மூன்றாவது நிமிஷம் சண்டை. கல்யாணம், உடம்பு, தலைமுடி என்று அம்மா ஒவ்வொன்றாக எடுப்பாள். தங்கை பட்டென்று வைத்துவிடுவாள். பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அம்மா சாலையைப் பார்க்க வேண்டும், தங்கைக்கு வேடிக்கை பார்க்க ஜன்னல் இருக்கிறது. முகம் பார்க்காமல் பேசினால் என்னவோ சண்டை வருவதில்லை. ஆறு வருஷமாகத் தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் அந்த பஸ் ஓடுகிறது. அது நின்றுபோனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் நின்றுபோகும்.

அம்மாவுக்கு வாராவாரம் கம்பெனிக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வேறு. பாலத்தில் பள்ளம், மழை சரியாகப் பெய்யவில்லை, பெண் இன்றைக்குச் சிரித்தாள் என்று எல்லாமும் எழுதுவாள். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், பதவி உயர்வில் தலைமை அலுவலகம் போகும்போது, அந்தக் கடிதங்களைத் தனி ஃபைலாகக் கட்டி, 'இந்த அம்மாவுக்கு மட்டும் அன்றன்றே பதில் போடவும்' என்று மேலே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அது தன் அம்மாதான் என்பதை மன்னிக்கவும் சார் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. பதில் போடுவது தன் மகன்தான் என்பது அம்மாவுக்கும் தெரியாது. உங்க ஆபீஸில் ஒரு மக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறது என்று சாப்பாடு போடும்போதெல்லாம் அவரிடமே சொல்லுவாள்.

யோசித்து யோசித்து, ஆள் இல்லாவிட்டால் என்ன, நாமே ஆளாகிவிடலாம் என்று முடிவு செய்தார். முப்பத்தேழு போதும். கை கொஞ்சம் தாராளம், நாற்பத்தொன்றாகப் போட்டுவிட்டார். பல்வலி, கறுப்புக் கண்ணாடி, பெரிய மாமா, சின்ன மாமா என்று வாய்க்கு வந்த பெயர்கள். தினமும் காலையில் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிவிட்டுத்தான் காபி குடிப்பார். கணக்கு நூற்று நான்கில் நின்றது.

மூன்றாம் நாள் அம்மாவின் கடிதம் வந்தது. கேமில் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் பஸ் ஸ்டாப். அது அவருக்கு நினைவில்லை. 'பழைய ஆட்களாவது பரவாயில்லை, கடைத்தெருவில் சிலை மாதிரி நிற்பார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது நாற்பது தடியன்கள் வந்து ஸ்டாப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஹாரன் அடித்தாலும் அசையக் காணோம்' என்று எழுதியிருந்தாள்.

மன்னிக்கவும் என்று பதில் போட்டுவிட்டு, மறுநாள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஸ்டாப் காலியாகிவிடும் அல்லவா?

அன்று ராத்திரி அம்மா தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"பல்வலின்னு ஒருத்தன், அவ சீட்டுல ஜம்முனு உட்கார்ந்துட்டான். முக்கால் மணி நேரமும் உன் தங்கச்சி நின்னுக்கிட்டே வந்தா. கால் வலிக்குதாடின்னு கேட்டேன். கேம்ல எப்படிம்மா கால் வலிக்கும்னு எரிஞ்சு விழுறா. நான் என்னடா தப்பா கேட்டுட்டேன்?"

மறுநாள் காலை முதல் வேலையாக நாற்பத்தொரு பேரையும் இறக்கி, ஊருக்கு வெளியே மலைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இனி நிம்மதி என்று காபியைக் கையில் எடுக்கும்போது மேலாளர் கூப்பிட்டார்.

ஒரே வாரத்தில் அறுபத்து மூன்று நூற்று நான்கு ஆனதில் தலைமை அலுவலகம் பூரித்துப் போயிருந்தது. பூரித்தவர்கள் சும்மா இருப்பார்களா? கேமைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். ஆடுகிறவர்கள் செய்து வைத்த பழைய சாமான்களையெல்லாம் துடைத்துவிட்டு, கம்பெனியே எல்லாம் புதிதாகப் போடுமாம். புது பஸ்ஸின் படத்தையும் காட்டினார். சாம்பல் நிறம், நாற்பது இருக்கை. ஒன்றைக்கூட இடம் மாற்ற முடியாது, வண்ணமும் அடிக்க முடியாது.

தான் தோண்டிய குழி இவ்வளவு ஆழமா என்று அவருக்கே மலைப்பாக இருந்தது. "ஆடறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே சார்," என்றார் மெதுவாக. எதற்கும் நாலு நாள் யோசிக்கும் மேலாளர், இதற்கு உடனே தலையாட்டியது ஆச்சரியம்தான்.

ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் பத்துக் கேள்விகள் போயின. மன்னிக்கவும் சார் நாற்பத்தொரு விதமாகப் பதில் எழுதினார். பல்வலி கோபமாக, பெரிய மாமா உருக்கமாக, சின்ன மாமா எழுத்துப் பிழைகளோடு. சாராம்சம் ஒன்றுதான்: நாங்கள் செய்து வைத்ததில் கை வைக்காதீர்கள். மற்ற அறுபத்து மூன்று பேரில் ஒரு பத்துப் பேர் எழுதினால் பெரிது என்று நினைத்தார்.

நூற்று நான்கு பதில்கள் வந்தன. ஒன்று பாக்கியில்லை.

அம்மாவின் பதில் ஒரே வரி: 'உங்கள் புது பஸ்ஸில் என் பெண் எங்கே உட்காருவாள்?'

எந்த கேமுக்கும் இப்படி அத்தனை பேரும் பதில் போட்டதே கிடையாதாம். மறுநாள் ஒரு பெரிய அதிகாரி கிளம்பி வருகிறார், நூற்று நான்கு பேரும் ஆடுவதை நேரில் பார்க்க வேண்டுமாம் என்று மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நாற்பத்தொரு பேர் மலைக்குப் பின்னால் வரிசையாக நிற்பதை எப்படிக் காட்டுவது? வேலை போனால் போகட்டும், அம்மாவின் பஸ் போய்விடுமே.

நேராக மெஷின் ரூமுக்குப் போனார். கேம்கள் ஓடும் கம்ப்யூட்டர்களைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் அக்கா, அந்த ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"நாப்பத்தொண்ணுதானே?"

யார் எந்த கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வருகிறார்கள் என்பது இங்கே தெரியாதா என்று அக்கா சாதாரணமாகக் கேட்டாள். மிச்சம் அறுபத்து மூன்று நிஜ ஆட்களையாவது நாளைக்குக் காட்டிச் சமாளிக்க முடியுமா என்று அவர் கெஞ்சினார்.

"அதுல இருபத்து மூணு மேனேஜரோடது. அறுபது பேர் வேணும்னு சொன்ன வருஷம் போட்டார். முப்பத்தெட்டு அதுக்கும் முன்னாடி, நாப்பது வேணும்னப்போ போட்டது. அதைத் தினம் நான்தான் உள்ள அனுப்பறேன். பதில் எழுதி எழுதி விரலே போச்சு. நிஜமா ஆடறது ரெண்டே பேர். ஒரு அம்மா பஸ் ஓட்டறாங்க, பொண்ணு பின்னாடி உட்கார்ந்து வருது. அதுக்குத்தானே இவ்வளவும்."

மன்னிக்கவும் சார் அங்கிருந்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"அது எங்கம்மா, அக்கா."

அக்கா வேர்க்கடலையை அவர் பக்கம் நகர்த்தினாள். நாளைக்கு வருகிற அதிகாரியிடம் என்ன சொல்லுவது என்று அவர் கேட்டார்.

"என்னத்தைச் சொல்றது? அந்த முப்பத்தெட்டைப் போட்டவரே அவர்தான் சார், முன்னாடி உங்க நாற்காலியில இருந்தவர். பல்வலி சீட்டைப் பிடிச்ச கதையை நான்தான் அவருக்குப் போன்ல சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு சீட்டு திரும்பக் கிடைச்சுதான்னு பார்க்கத்தான் வர்றாராம்."